உப்புச் சோதனையும் மூளை ஆராய்ச்சியும்

மூளையை ஆராய்வது யாருடைய வேலை என்று நம் ஊர்ப்பக்கம் எவரைக் கேட்டாலும், அது மருத்துவருடைய வேலை என்றே விடை வரும். அவ்விடையில் பாதி உண்மை உண்டு. மற்றப் பாதியைச் சொல்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோல் தொழிலால் பெயர் பெற்றவை. 2019 ஆம் ஆண்டில் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு இவ்வூர்கள் வெவ்வேறு மாவட்டங்களில் அடங்கிவிட்டன. ஆயினும் தொழிலும் வாழ்வும் ஒன்றே. இவ்வட்டாரத்தில் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவன் நான். ஆண்டுதோறும் தேர்வு முடிவுகள் வெளிவந்த சில நாட்களில் பெற்றோர் தம் பிள்ளையை அழைத்துக்கொண்டு வருவர். தந்தை தோல் பதனிடும் இடத்தில் வேலை செய்பவராக இருப்பார். தாய் காலணித் தொழிற்சாலையில் தைப்பவராக இருப்பார். "டாக்டர் சீட்டுக் கிடைக்கலைங்க ஐயா. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரிதான் சேர்க்கணும்" என்பர். அந்தக் 'தான்' என்னும் இடைச்சொல்லில் எத்துணைத் துயரம் அடங்கியிருக்கும் என்பதை எழுத்தில் காட்ட இயலாது. மூளையும் நரம்பும் உயிரும் பற்றிய அறிவுக்கெல்லாம் இனித் தம் பிள்ளைக்கு வழியில்லை என்பது அவர்களது துணிபு.

அத்துணிபு தவறானது. இரசாயனம் படித்த பட்டதாரிகள் மூளை ஆராய்ச்சிக்குள் நுழைந்து, உலகம் ஏற்றுக்கொண்ட உண்மைகளைக் கண்டறிந்த இடம் ஒன்று உண்டு. அது கடல் கடந்த நாட்டில் இல்லை. ஆம்பூரிலிருந்து பேருந்தில் ஏறினால் சற்றேறக்குறைய ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரும் வேலூரிலே உள்ளது.

முதலில் மருத்துவர் ஒருவரிடமிருந்தே கதையைத் தொடங்க வேண்டும். ஜேக்கப் சாண்டி என்பவர் 1910 ஆம் ஆண்டில் கேரளத்தில் பிறந்தவர்; சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். பஹ்ரைன் நாட்டிலிருந்த அமெரிக்க மிஷன் மருத்துவமனையில் சில ஆண்டுகள் பணிபுரிந்தார். பின்னர் மேல்நாடு சென்று, கனடா நாட்டின் மான்ட்ரியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்டு என்னும் பேரறிஞரிடம் மூளை அறுவை மருத்துவம் கற்றார். பென்ஃபீல்டு 1934 ஆம் ஆண்டில் அங்கு நிறுவிய நரம்பியல் நிலையத்துக்கு ஒரு தனிச்சிறப்பு இருந்தது. நோயாளியைப் பார்க்கும் மருத்துவரும், அறுவை செய்பவரும், ஆய்வுக்கூடத்தில் சோதனைக்குழாயோடு உழைப்பவரும் ஒரே கூரையின் கீழ் இருப்பர். ஒருவர் கண்ட ஐயத்தை மற்றவர் தீர்ப்பர். சாண்டி அங்கே அறுவை முறையைக் கற்றதோடு நில்லாமல், இந்த ஏற்பாட்டையும் மனத்தில் வாங்கிக்கொண்டார் என்றே நான் எண்ணுகிறேன்; அவர் பின்னர்ச் செய்தவை அதனைக் காட்டுகின்றன.

1949 ஆம் ஆண்டில் அவர் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, நரம்பியலுக்கும் நரம்பு அறுவை மருத்துவத்துக்கும் உரிய துறையைத் தொடங்கினார். இந்தியாவில் இத்தகைய துறை அதுவே முதலாவது. அடுத்த ஆண்டு சென்னைப் பொது மருத்துவமனையில் டாக்டர் பா. இராமமூர்த்தி அத்தகைய பணியைத் தொடங்கினார். காக்கை வலிப்புக்கு அறுவை மருத்துவம் செய்யும் பணியும் 1952 ஆம் ஆண்டில் வேலூரிலேயே தொடங்கிற்று. இவை யாவும் நூல்களில் ஏறிய செய்திகள். நமக்கு வேண்டியது அடுத்த செய்தி. தம் துறை வளர்ந்து வருகையில், அங்கு மருத்துவர் அல்லாத ஒருவருக்கு இடம் உண்டாயிற்று. அவர் இரசாயன அறிஞர்.

பிமல் குமார் பச்சாவத் என்பது அவர் பெயர். 1925 ஆம் ஆண்டில் கல்கத்தாவில் பிறந்தவர். அமெரிக்காவில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்று, மைனர் கூன் என்பவரோடு சேர்ந்து, உடலில் கொழுப்புப் பொருள்கள் உருமாறும் வழியில் ஒரு முக்கியமான கண்ணியைக் கண்டறிந்தார். 1955 ஆம் ஆண்டில் வெளியான அக்கட்டுரையில் இடம்பெறும் பொருளின் பெயர் நாவில் எளிதில் புரளாதது, எச்.எம்.ஜி. கோ-ஏ என்று சுருக்கிச் சொல்வர். இன்று இரத்தக் கொழுப்பைக் குறைக்க நம்மில் பலர் இரவில் விழுங்கும் மாத்திரை தடுத்து நிறுத்துவது அதே பொருளின் அடுத்த மாற்றத்தைத்தான். அத்தகைய தேர்ச்சி பெற்றவர் 1950களின் பிற்பகுதியில் வேலூருக்கு வந்து நரம்பு இரசாயன ஆய்வுக்கூடத்தை அமைத்தார். மருத்துவமனை ஒன்றினுள், அறுவை அரங்குக்கு அருகே, இரசாயனப் பட்டதாரிகள் பணிபுரியும் கூடம் ஒன்று எழுந்தது. 1962 ஆம் ஆண்டில் அவருக்கு மருத்துவ விஞ்ஞானத்துக்கான பட்நாகர் பரிசு வழங்கப்பெற்றது. ஊசி பிடித்தறியாத கைக்கு மருத்துவப் பரிசு கிடைத்ததை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

அக்கூடத்தில் என்ன ஆராய்ந்தார்கள்? இதைச் சற்று நின்று நிதானமாகக் காண்போம்.

பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் ஆய்வுக்கூடத்தில் உப்பைப் பகுத்தறியும் சோதனை செய்கின்றனர். ஆசிரியர் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடியைத் தருவார். அதில் உள்ளது யாது எனக் கண்டுபிடிக்க வேண்டும். கரைசலில் பேரியம் குளோரைடு சேர்த்தால் வெண்ணிற வீழ்படிவு தோன்றுகிறது. அமிலத்திலும் அது கரைவதில்லை. ஆகவே உப்பில் இருப்பது சல்பேட்டு என்று எழுதி மதிப்பெண் பெறுவர். நம் வட்டாரத்து மாணவனுக்குச் சல்பேட்டு என்பது வீட்டு விருந்தாளி போன்றது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்டுத் தோலைப் பதனிட்ட காலம் ஒன்று இருந்தது. அதன்பின் பெருவழக்காக வந்த பச்சைப் பொடி குரோமியம் சல்பேட்டேயாகும். தோலிலுள்ள புரதத்தை அழுகவொட்டாமல் கட்டிப்பிடிப்பது அதிலுள்ள குரோமியம். அதன் கழிவுகளால் பாலாறு பட்டபாடு வேறொரு நாளைக்கு உரிய பேச்சு.

அந்தச் சல்பேட்டு நம் மூளையிலும் இருக்கிறது.

நரம்பு என்பது செய்தி கொண்டு செல்லும் இழை. மின்கம்பியின் மேல் ரப்பர் உறை இருப்பது போன்று, பல நரம்பிழைகளின் மேல் கொழுப்பு மிகுந்த உறை ஒன்று சுற்றுச் சுற்றாகப் படிந்திருக்கும். அதற்கு மயலின் என்று பெயர். அவ்வுறை உள்ள இடத்தில் செய்தி விரைந்து செல்லும். உறை சிதைந்தால் செய்தி தடுமாறும் அல்லது நின்றுபோகும். மூளையை அறுத்துப் பார்த்தால் உட்புறம் வெண்மையாகத் தெரிவது இவ்வுறையின் நிறத்தாலேதான். இவ்வுறையில் உள்ள கொழுப்புகளுள் ஒன்றின் தலையில் சர்க்கரையும், அந்தச் சர்க்கரையின் மேல் ஒரு சல்பேட்டும் ஒட்டியிருக்கின்றன. இதனைச் சல்ஃபடைடு என்பர்.

உப்புச் சோதனை செய்த மாணவன் கேட்கக் கற்ற வினா, "சல்பேட்டு இருக்கிறதா?" என்பது. வேலூர் ஆய்வுக்கூடத்தில் கேட்கப்பட்ட வினா அதற்கு அடுத்த படி. "இந்தச் சல்பேட்டைக் கொழுப்பின் மேல் கொண்டுபோய் ஒட்டுவது எது? வேலை முடிந்தபின் அதைக் கழற்றுவது எது?" உயிருள்ள உடலில் ஒட்டுதலும் கழற்றுதலும் தாமாக நிகழா. ஒவ்வொன்றுக்கும் ஒரு நொதி உண்டு. ஒரு பொருள் இருக்கிறதா எனக் கேட்பது பள்ளிக்கூடம். அப்பொருளை ஆள்வது எது எனக் கேட்பது ஆராய்ச்சி. பட்டதாரி ஒருவர் மாணவர் நிலையிலிருந்து ஆராய்ச்சியாளர் நிலைக்குக் கடந்து செல்லும் வாசற்படி இந்த வினா மாற்றமே என்பது என் கருத்து.

இந்த ஆய்வுக்கு அவர்கள் கொண்ட பொருள் ஆட்டு மூளை. ஏ. எஸ். பாலசுப்பிரமணியன், பச்சாவத் ஆகிய இருவரும் 1965 ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஆட்டு மூளையிலிருந்து எடுத்த சாற்றில், சல்பேட்டைச் சுமந்து திரியும் ஒரு மூலக்கூறிலிருந்து அச்சல்பேட்டு கொழுப்பின் மேல் ஏறுவதை அவர்கள் அதில் காட்டினர். இவ்வட்டாரத்தில் ஆட்டின் தோல் ஒரு பக்கம் பதனிடும் தொட்டிக்குப் போகும்; இறைச்சி கடைக்குப் போகும். அதே வகை விலங்கின் மூளை ஒரு காலத்தில் பனிக்கட்டியின் மேல் வைத்து அரைக்கப்பட்டு, நரம்பின் உறை எவ்வாறு உருவாகிறது என்னும் புதிருக்கு விடை தந்தது என்பதை எண்ணுகையில் எனக்கு வியப்பு நீங்குவதில்லை.

பனிக்கட்டி என்று சொன்னேன். நொதிகள் வெப்பம் தாங்கா. உடலினின்று எடுத்த திசுவை உடனே குளிரில் வைத்து, குளிரிலேயே அரைத்து, குளிரூட்டிய மையவிலக்குப் பொறியில் சுழற்றிப் பிரித்தெடுக்க வேண்டும். வேலூரின் சித்திரை வெயிலை அறிந்தோர், இந்தக் குளிர்ச்சியைக் காப்பதற்கு எத்துணை விழிப்பு வேண்டியிருந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். பிரித்தெடுத்த நொதியை அளப்பதற்கு இரசாயனப் பட்டதாரிகள் நன்கறிந்த தந்திரம் ஒன்று உதவுகிறது. சல்பேட்டு ஒட்டிய ஒரு செயற்கைப் பொருளை நொதியின் முன் வைப்பர். நொதி சல்பேட்டைக் கழற்றிவிட்டால், எஞ்சிய பொருள் காரக் கரைசலில் சிவப்பாக மாறும். சிவப்பு மிகுந்தால் நொதி மிகுதி. சிவப்பு குன்றினால் நொதி குறைவு. மூளையின் இரகசியத்தை ஒரு நிறத்தின் ஆழம் சொல்லிவிடுகிறது.

இனி, இதெல்லாம் எதற்காக என்னும் வினாவுக்கு வருகிறேன்.

குழந்தைகளுக்கு வரும் கொடிய நோய் ஒன்று உண்டு. பிறந்தபோது குழந்தை நன்றாக இருக்கும். தவழும், நிற்கும், தளர்நடை நடக்கும். ஏறத்தாழ ஒன்றரை வயதுக்கும் இரண்டரை வயதுக்கும் இடையில் நடை தடுமாறத் தொடங்கும். கற்ற நடை மறந்துபோகும். கற்ற சொற்கள் ஒவ்வொன்றாக நழுவும். பின்னர் விழுங்கவும் இயலாமற் போகும். பெரும்பாலும் சில ஆண்டுகளில் குழந்தை இறந்துவிடும். இறந்தவரின் நரம்புகளைச் சாயமிட்டு நுண்ணோக்கியில் கண்டவர்கள், சாயம் தன் இயல்பான நிறத்தைக் காட்டாமல் வேறு நிறம் காட்டுவதைக் கண்டனர். தோலுக்குச் சாயம் ஏற்றுவோர் இதைக் கேட்டால் உடனே புரிந்துகொள்வர்: அடியிலுள்ள பொருள் மாறினால் சாயத்தின் நிறமும் மாறும். அங்கே குவிந்து கிடந்த பொருள் சல்ஃபடைடு என்பது 1950களின் பிற்பகுதியில் தெளிவாயிற்று. ஏன் குவிந்தது? ஒட்டுவது மிகுந்துவிட்டதா, கழற்றுவது குறைந்துவிட்டதா? ஒரு தொட்டி நிரம்பி வழிந்தால், குழாய் திறந்திருக்கிறதா, வடிகால் அடைபட்டிருக்கிறதா என்று பார்ப்போம் அல்லவா?

1963 ஆம் ஆண்டில் நரம்பு இரசாயன ஆராய்ச்சி இதழ் ஒன்றில் இதற்கு விடை தரும் கட்டுரை வெளிவந்தது. அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜேம்ஸ் ஆஸ்டினும் வேலூர்க் குழுவினரும் இணைந்து எழுதியது அது. எழுதியவர் பெயர்களை வரிசையாகச் சொல்கிறேன்: ஆஸ்டின், பாலசுப்பிரமணியன், பட்டாபிராமன், சரஸ்வதி, பாசு, பச்சாவத். சல்பேட்டைக் கழற்றும் நொதியின் செயல் இந்நோயில் பெரிதும் குன்றிவிடுகிறது என்பதை முதன்முதலாகக் காட்டிய கட்டுரைகளுள் அதுவும் ஒன்று. வடிகால்தான் அடைபட்டிருந்தது.

அக்கட்டுரையின் தலைப்பிலேயே, இது ஒப்புநோக்கிச் செய்த ஆய்வு என்னும் கருத்து இடம்பெற்றுள்ளது. இதை நான் மாணவர்களுக்குப் பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறேன். சாகும் தறுவாயிலுள்ள மூளையில் எத்தனையோ நொதிகள் தாமே குன்றலாம். ஆகவே இந்நோயில் நொதி குறைந்திருக்கிறது என்று மட்டும் காட்டினால் போதாது. நோயில்லாத மூளையில் எவ்வளவு இருக்கிறது, அதே இனத்தைச் சேர்ந்த வேறு நோய்களில் எவ்வளவு இருக்கிறது, அதே மூளையிலுள்ள வேறு நொதிகள் எந்நிலையில் உள்ளன என்பவற்றையெல்லாம் அருகருகே வைத்துப் பார்த்தால்தான், இக்குறை இந்நோய்க்கே உரியது எனத் துணிந்து சொல்லலாம். உப்புச் சோதனையில் வெறும் நீரையும் ஒரு குழாயில் எடுத்து அதே பொருளைச் சேர்த்துப் பார்க்கச் சொன்னால், நேரம் வீணாகிறது என்று மாணவர் முணுமுணுப்பர். அந்த வீண் குழாய்தான் விஞ்ஞானத்தின் மனச்சாட்சி.

இந்நோய் நமக்கு அயலானதும் அன்று. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாகப் பழுதுபட்ட மரபணு இரண்டும் குழந்தையிடம் சேர்ந்தால்தான் நோய் தோன்றும். ஒன்று மட்டும் உடையவர் நலமாகவே வாழ்வர். தம்மிடம் அது இருப்பதே அவருக்குத் தெரியாது. அத்தகைய இருவர் மணந்தால் ஒவ்வொரு மகப்பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு நோய்க்கு உண்டு. மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணக்கும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக இருந்து வருகிறது. ஒரே பாட்டனின் மரபணு இரு வழியாகவும் வந்து சேர இவ்வழக்கம் இடந்தருகிறது. உறவைப் பழிப்பது என் நோக்கமன்று. குடும்பத்தில் இத்தகைய துன்பம் ஒருமுறை நேர்ந்திருந்தால், இரத்த வெள்ளணுக்களில் அந்நொதியை அளந்தும் மரபணுவை ஆராய்ந்தும் முன்னரே அறிந்துகொள்ள இன்று வழி உண்டு. எதை அளக்க வேண்டும் என்பதைச் சோதனைக்குழாயின் சிவப்பு நிறத்தில் கண்டறிந்தவர்களின் உழைப்பே அவ்வழிக்கு அடிப்படை.

மருந்தும் வந்துவிட்டது. நோயின் குறிகள் தோன்றுமுன்னரே குழந்தையின் சொந்த இரத்த மூலவணுக்களை எடுத்து, குறைபட்ட மரபணுவின் நல்ல படியொன்றை அவற்றில் புகுத்தி, மீண்டும் உடலில் செலுத்தும் முறைக்கு ஐரோப்பாவில் 2020 ஆம் ஆண்டிலும் அமெரிக்காவில் 2024 ஆம் ஆண்டிலும் ஒப்புதல் கிடைத்தது. அமெரிக்காவில் குறித்த விலை 42.5 இலட்சம் டாலர். எண்ணைக் கேட்டதும் தலை சுற்றுகிறது. அதைக் குறைக்கும் வழியைத் தேடுவதும் ஆராய்ச்சியே. அதை வேறு எவரோ நமக்காகச் செய்து தருவார் என்று நாம் காத்திருக்க வேண்டுவதில்லை.

பச்சாவத் பின்னர்க் கல்கத்தாவுக்கு இயக்குநராகச் சென்றார். பாலசுப்பிரமணியன் பல்லாண்டுகள் வேலூர் நரம்பு இரசாயன ஆய்வுக்கூடத்திலிருந்தே கோலினெஸ்டரேஸ் என்னும் நரம்பு நொதிகளைப் பற்றிக் கட்டுரைகள் வெளியிட்டு வந்தார். அவதேச சுரோலியா என்னும் இளைஞர் அங்கே பச்சாவத்திடம் ஆராய்ச்சி மாணவராக இருந்து, பிற்காலத்தில் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் புகழ்பெற்ற பேராசிரியரானார். 1987 ஆம் ஆண்டில் அவருக்கும் பட்நாகர் பரிசு கிடைத்தது. ஓர் ஆய்வுக்கூடம் கட்டுரைகளைப் போலவே மனிதர்களையும் உருவாக்குகிறது.

மருத்துவர் வழியாகவும் இத்துறைக்கு வரலாம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே விளக்கமான சான்று வி. எஸ். இராமச்சந்திரன். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் மாணவராக இருந்தபோதே கண்பார்வையைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. பின்னர்க் கேம்பிரிட்ஜ் சென்று ஆராய்ச்சிப் பட்டம் பெற்றார். கை இழந்தவருக்கு இல்லாத கையில் வலி தோன்றுவதை, ஒரு சாதாரணக் கண்ணாடியைக் கொண்டு தணிக்கலாம் எனக் காட்டியவர் அவர். ஆனால் அவர் பெயரை எல்லாரும் அறிவர். இரசாயனப் பட்டதாரியின் வழியை அறிந்தோர் சிலரே. ஆதலின் அதையே விரித்துச் சொன்னேன்.

இன்று அவ்வழி எங்ஙனம் செல்கிறது? இளநிலையில் இரசாயனமோ, உயிர் இரசாயனமோ, விலங்கியலோ, பௌதிகமோ படிக்கலாம். வாணியம்பாடி, மேல்விஷாரம், வேலூர், ஆம்பூர் ஆகிய ஊர்களிலுள்ள கல்லூரிகளிலேயே இது கூடும். அடுத்து முதுநிலைப் பட்டம். நான்காண்டு இளநிலைப் படிப்பில் 75 விழுக்காடு பெற்றவர் நேரே ஆராய்ச்சிப் பட்டத்துக்கு விண்ணப்பிக்கவும் பல்கலைக்கழக மானியக் குழு 2022 ஆம் ஆண்டு விதிகளில் இடமளித்துள்ளது. அதன்பின் 'நெட்' என்னும் அனைத்திந்தியத் தேர்வு. இத்தேர்வில் இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதியோடு வெற்றி பெற்றவருக்கு, ஆராய்ச்சியில் சேர்ந்ததும் அரசு உதவித்தொகை உண்டு. 2023 ஆம் ஆண்டு சனவரி முதல் அது முதலிரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய்; பின்னர் 42,000 ரூபாய்.

இத்தொகையை நான் வேண்டுமென்றே எடுத்துச் சொல்கிறேன். பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்வி மூளையைப் பற்றியதன்று. "இன்னும் எத்தனை வருஷம் படிப்பான் ஐயா? வீட்டுக்கு எப்போது காசு வரும்?" என்பதே. அக்கேள்வியை இழிவாக எண்ணும் அறிஞரை நான் மதிப்பதில்லை. மூத்த மகன் பதினெட்டாம் வயதில் தொழிற்சாலைக்குப் போனால் தங்கையின் படிப்பு நடக்கும், போகாவிட்டால் நில்லாது. இது கணக்கு, பேராசையன்று. ஆராய்ச்சிப் பட்டம் முடியும்போது மாணவருக்குப் பெரும்பாலும் முப்பது வயதை நெருங்கிவிடும். அவற்றுள் முதல் ஐந்தாண்டுகள், அதாவது இளநிலையும் முதுநிலையும், வருவாய் இல்லாதவை. அவற்றைக் கடப்பதுதான் கடினம். கடந்துவிட்டால், ஆராய்ச்சிக் காலம் ஊதியத்தோடு கூடிய காலம் என்பதைப் பெற்றோர் பலர் அறியார். அறிந்திருந்தால் சிலருடைய முடிவு வேறாக இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

பட்டம் பெற்றவர் அனைவருக்கும் உடனே பேராசிரியர் பதவி கிடைத்துவிடும் என்றும் சொல்ல மாட்டேன். அவ்வாறு சொல்வது பிள்ளைகளை ஏமாற்றுவதாகும். மேலும் சில ஆண்டுகள் வேறோர் ஆய்வுக்கூடத்தில் பயிற்சி பெற வேண்டியிருக்கலாம். சோதனைகளிற் பல தோல்வியடையும். ஆறு மாத உழைப்பு, குளிர்பெட்டிக்கு மின்சாரம் நின்ற ஓரிரவில் வீணாகலாம். இவற்றைத் தாங்குபவர் யார், தாங்காதவர் யார் என்பதை மதிப்பெண் பட்டியல் காட்டுவதில்லை. என் அனுபவத்தில், உப்புச் சோதனையில் விடை தவறாக வந்தபோது பக்கத்துக் குழாயைப் பார்த்து எழுதாமல், மீண்டும் முதலிலிருந்து செய்த பிள்ளைகளையே இவ்வழிக்கு ஏற்றவர் என்று கருதுவேன். ஒவ்வொரு வகுப்பிலும் அத்தகையோர் இருவர் மூவர் இருப்பர். பெரும்பாலும் அவர்கள் முதல் மதிப்பெண் பெறுபவர் அல்லர்.

செல்ல வேண்டிய இடங்களும் இப்போது பல. பெங்களூரில் 1974 ஆம் ஆண்டு முதல் நிம்ஹான்ஸ் என்னும் தேசிய நிலையம் உண்டு. இந்திய விஞ்ஞானக் கழகத்தில் 2009 ஆம் ஆண்டில் நரம்பு விஞ்ஞானத்துக்கெனத் தனி மையம் அமைந்தது. அரியானாவின் மானேசரில் தேசிய மூளை ஆராய்ச்சி மையம் உள்ளது. அங்கே பௌதிகமும் கணிதமும் பொறியியலும் கற்றவரையும் வரவேற்கின்றனர். சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை மையம், கருவிலிருக்கும் சிசுக்களின் மூளைகள் ஐந்தினை 5,132 மென்படலங்களாகப் படமெடுத்து, அப்படங்களை 2024 ஆம் ஆண்டு டிசம்பரில் உலகத்தார் அனைவரும் கட்டணமின்றிக் காணுமாறு வெளியிட்டது. இணைய வசதியுள்ள கைப்பேசி இருந்தால் ஆம்பூரில் திண்ணையில் அமர்ந்தபடியே அவற்றைப் பார்க்கலாம்.

கல்லூரி மாணவர் உடனே செய்யத்தக்கது ஒன்று உண்டு. நாட்டின் மூன்று விஞ்ஞானக் கழகங்களும் கூடி, கோடை விடுமுறையில் இரண்டு மாதம் ஆய்வுக்கூடமொன்றில் தங்கி வேலை பழக உதவித்தொகை அளித்து வருகின்றன. விண்ணப்பங்களை வழக்கமாக முந்தைய ஆண்டின் இறுதி மாதங்களில் பெறுவர். விண்ணப்பத்தோடு, தாம் என்ன ஆராய விரும்புகிறோம் என்பதைச் சுருக்கமாக எழுத வேண்டும். தம்மை நன்கறிந்த ஆசிரியர் ஒருவரின் பரிந்துரையும் வேண்டும். ஆசிரியர்களும் இதற்கு விண்ணப்பிக்கலாம். என்னைப் போன்ற ஓய்வுபெற்றோரை ஏற்பரா என்பது வேறு; இப்போது பணியிலிருக்கும் இரசாயன ஆசிரியர்கள், தம் மாணவருக்குப் பரிந்துரை எழுதும் அதே மாலையில் தமக்கும் ஒரு விண்ணப்பம் எழுதிவிடலாம்.